எச்சரிக்கும் குரலும் எரிச்சலுறும் மனமும்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் புதிய கார் ஒன்று நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். பங்குத்தந்தை வருகிறார், செபிக்கிறார், தீர்த்தம் தெளிக்கிறார். குடும்பத்தார் அனைவரும் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கின்றனர். கண்ணாடியில் செபமாலை தொங்குகிறது. முன்பலகையில் வேளாங்கண்ணி அன்னையின் சிறு சுரூபம் ஒட்டப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் அத்தகைய கார்களிலேயே வேறொன்றையும் நாம் சில வேளைகளில் காண நேரிடுகிறது. ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில், சீட் பெல்ட்டைப் பூட்டும் துளைக்குள், பெல்ட் இல்லாத வெறும் உலோக நாக்கு ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அதன் பணி ஒன்றுதான்: பெல்ட் அணியாமலே அணிந்துவிட்டதாகக் காரை நம்பவைப்பது. கார் நம்பிவிடுகிறது, எச்சரிக்கை ஒலி நின்றுவிடுகிறது, பயணம் இனிதே தொடங்குகிறது.

மேலே பாதுகாவலை வேண்டிச் செபமாலையைக் கட்டியதும், கீழே பாதுகாவலின் வாயை அடைத்ததும் ஒரே கைதான். இந்த முரண்பாட்டைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

இன்றைய கார்கள் எரிச்சலூட்டுவன என்பதை மறுப்பதற்கில்லை. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் நாளிலிருந்து புதிய கார்கள் அனைத்திலும் சில எச்சரிக்கைக் கருவிகள் கட்டாயமாக்கப்பட்டன. முன்னிருக்கையில் இருப்போர் பெல்ட் அணியாவிட்டால் ஒலி எழும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் இடைவிட்டும், 120-ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலிக்கும். பின்னோக்கிச் செலுத்தும்போது ஏதேனும் குறுக்கிட்டால் கூவும். நம் ஊர்ச் சந்துகளிலோ குறுக்கிடாதது எதுவுமில்லை. எனவே கூவல் ஓய்வதே இல்லை. பக்கத்து இருக்கையில் அரிசிப் பையை வைத்தால், அதையும் ஆள் என்றெண்ணிப் பெல்ட் அணியச் சொல்லும் கார்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும், அந்தந்தச் சாலையின் வேக வரம்பை அறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாடு இருந்தாக வேண்டும். அதை நிறுத்தி வைக்கலாம். ஆனால் மறுமுறை காரைக் கிளப்பும்போது அது தானே உயிர்பெற்றுவிடும்.

கண்டிக்கும் குரல் எதுவாயினும் மனித இயல்பு அதை வெறுக்கிறது. கேள்வி இதுதான்: நமக்கு நன்மை சொல்லும் குரல் நமக்கு எரிச்சலூட்டும்போது, அதை அடக்கிவிட நமக்கு உரிமை உண்டா?

பிலயாமின் ஊர்தி

விவிலியத்தில் எண்ணிக்கை நூலின் 22-ஆம் அதிகாரம் ஓர் ஊர்தியின் கதையைச் சொல்கிறது. பிலயாம் தன் கழுதையின்மேல் ஏறிப் போகிறான். வழியில் ஆண்டவரின் தூதர் உருவிய வாளோடு நிற்கிறார். கழுதையின் கண்ணுக்கு அவர் தெரிகிறார். பிலயாமின் கண்ணுக்குத் தெரியவில்லை. கழுதை முதலில் வயலுக்குள் விலகுகிறது. அடுத்துச் சுவரோடு ஒட்டிப் பிலயாமின் காலை நெருக்குகிறது. மூன்றாம் முறை அப்படியே படுத்துவிடுகிறது. மூன்று முறையும் அதற்குக் கிடைத்தது அடிதான். இறுதியில் அது வாய் திறந்து, தன்னை ஏன் அடித்தாய் என்று கேட்கிறது. அவன் கண்கள் திறக்கப்பட்டபின்தான், தான் யாரை அடித்தான் என்பது அவனுக்கு விளங்குகிறது. கழுதை விலகியிராவிட்டால் அவன் உயிரோடு இருந்திருக்க மாட்டான்.

இக்கதையில் நம்மைத் தொடும் செய்தி, விலங்கு பேசியது என்பதன்று. ஊர்தி கண்டதை ஊர்ந்தவன் காணவில்லை என்பதே. பிலயாம் மூடன் அல்லன். மன்னன் ஆளனுப்பித் தேடிய மனிதன். அவனுக்கு அவசரம் இருந்தது. தன் பயணத்தில் நம்பிக்கை இருந்தது. அந்த அவசரத்தில், காலில் ஏற்பட்ட சிறு வலியை மட்டுமே அவன் உணர்ந்தான். அந்த வலியின் பொருளை உணரவில்லை. எரிச்சல் எப்போதும் இப்படித்தான். அது சொல்லப்படும் செய்தியை மறைத்து, சொல்லும் விதத்தை மட்டுமே நமக்குக் காட்டுகிறது.

அடைக்கப்பட்ட வாய்

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் கொள்கைத் திரட்டின் 16-ஆம் எண், மனச்சான்றை மனிதனின் உள்ளத்தில் அமைந்த திருத்தலமாகக் காண்கிறது. அங்கே மனிதன் கடவுளோடு தனித்திருக்கிறான். அதே பகுதி ஓர் எச்சரிக்கையையும் தருகிறது: பாவப் பழக்கத்தினால் மனச்சான்று சிறிது சிறிதாகப் பார்வை இழக்கக்கூடும் என்பதே அது. மனச்சான்று ஒரே நாளில் சாவதில்லை. அதை நாம் பழக்கத்தால் ஊமையாக்குகிறோம்.

எப்படி ஊமையாக்குகிறோம்? அந்த உலோக நாக்கு அதற்கு ஏற்ற உவமை. அதை வாங்கியவர் ஒலியை எதிர்த்து வாதாடவில்லை. பெல்ட் தேவையற்றது என்று மெய்ப்பிக்கவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பொய்யான பதிலைக் கொடுத்துவிட்டார், அவ்வளவே. நாமும் மனச்சான்றிடம் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். வேலை செய்பவருக்கு நியாயமான கூலி கொடுத்தாயா என்று அது கேட்டால், ‘ஆலயத் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தேன்’ என்கிறோம். தம்பியோடு பேசி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டால், ‘நாள்தோறும் செபமாலை சொல்கிறேன்’ என்கிறோம். துளை நிரம்பிவிடுகிறது, ஒலி நின்றுவிடுகிறது. பிணைக்கப்பட வேண்டியதோ பிணைக்கப்படாமலே இருக்கிறது.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிர மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின்னிருக்கையில் இருந்த அவரும் அவருடைய நண்பரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது. அதன் பிறகே இத்தகைய ஒலியடைப்பான்களின் விற்பனைமீது அரசின் பார்வை விழுந்தது. 2023 மே மாதத்தில் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு ஆணை பிறப்பித்தது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. சட்டம் கடையிலிருந்து நீக்கியது. காரிலிருந்து நீக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

குரல் கொடுப்போரின் கடமை

எச்சரிக்கை எல்லாம் நல்லது என்று முடிவு செய்துவிட்டால், அதுவும் நேர்மையாகாது. குற்றம் கேட்பவர் பக்கம் மட்டும் இல்லை.

சிறு காரியத்துக்கும் பெரிய காரியத்துக்கும் ஒரே சுருதியில் கத்தும் கருவி, இரண்டையும் புறக்கணிக்கவே நம்மைப் பழக்குகிறது. எச்சரிக்கை ஒரு பக்கம் பெருக, கையால் தடவியே திருப்பக்கூடிய பழைய குமிழ்களும் பொத்தான்களும் மறைந்து, தொடுதிரைகள் வந்துவிட்டன. 2022-இல் சுவீடன் நாட்டுக் கார் இதழ் ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது குளிர்வசதி, வானொலி முதலான சில எளிய வேலைகளைச் செய்யவேண்டும். பொத்தான்கள் கொண்ட 2005-ஆம் ஆண்டுக் காரில் அதற்கு 10 வினாடிகளே ஆயின. தொடுதிரை கொண்ட புதிய கார் ஒன்றில் 44.6 வினாடிகள் ஆயின. அதற்குள் அந்தக் கார் 1,372 மீட்டர் கடந்துவிட்டது. சாலையைப் பார் என்று எச்சரிக்கும் காரே, சாலையிலிருந்து கண்ணைப் பறிக்கவும் செய்கிறது! இத்தகைய எரிச்சலுக்குப் பொறுமை மருந்தாகாது. வடிவமைத்தவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

நல்லதைச் செய்யக் கட்டாயப்படுத்துவதும் பல நேரங்களில் தோற்றுப்போகிறது. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுக்கான கார்களில், முன்னிருக்கையில் இருப்போர் பெல்ட் அணிந்தாலன்றி வண்டி கிளம்பாது என்னும் ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கிச் சட்டம் இயற்றியது. எச்சரிக்கை ஒலிக்கும் 8 வினாடி வரம்பு விதித்தது.

பெற்றோர், ஆசிரியர், மறைப்பணியாளர் ஆகிய நாம் அனைவரும் இதைக் கருதிப் பார்க்க வேண்டும். எந்நேரமும் கடிந்துகொள்ளும் தந்தையின் சொல், பிள்ளையின் காதில் காற்றொலியாகிவிடுகிறது. ஒவ்வோர் அசைவிலும் பாவத்தைக் காணும் நடுங்கும் மனச்சான்று, மழுங்கிய மனச்சான்றைப் போலவே நோயுற்றது என்பதைப் புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் அனுபவத்தாலேயே அறிந்திருந்தார். புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் திருச்சட்டத்தை, சிறுவனுக்குத் துணையாகச் செல்லும் கண்காணிப்பாளனுக்கு ஒப்பிடுகிறார். கண்காணிப்பாளன் என்றென்றும் உடன் வருவதற்காக நியமிக்கப்பட்டவன் அல்லன். எச்சரிக்கை ஒலியும் அப்படியே. அது எழுவதற்கு முன்பே நம் கை பெல்ட்டை நாடும் நாளில், அதன் வேலை முடிந்துவிட்டது.

யாருடைய உயிர்?

‘என் உயிர், என் விருப்பம், இதில் பிறருக்கென்ன?’ என்று கேட்போர் உண்டு. இயற்பியலே இதற்கு விடை தருகிறது. கார் திடீரென நிற்கும்போது, பெல்ட் அணியாத உடல் நிற்பதில்லை. கார் வந்த வேகத்திலேயே அது முன்னோக்கிப் பாய்கிறது. பின்னிருக்கையில் பெல்ட் இன்றி அமர்ந்தவர், முன்னே இருக்கும் தம் மனைவிமீதோ மகன்மீதோ மோதுகிறார். தமக்கு மட்டுமே உரிய ஆபத்து என்று அவர் எண்ணியது, அன்புக்குரியவரின் மரணமாகிவிடுகிறது.

நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் பெல்ட் அணியாத நிலையில் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களுள் 8,384 பேர் ஓட்டுநர்கள்; 8,331 பேர் பயணிகள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு வீடும், அந்த வீட்டில் ஓர் ஒப்பாரியும் உண்டு. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2290), மதுவெறியாலும் வேக மோகத்தாலும் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் பெருங்குற்றத்துக்கு உள்ளாகின்றனர் எனக் கற்பிக்கிறது. 2007 ஜூன் மாதத்தில் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. அவற்றுள் முதலாவது, கொலையைத் தடைசெய்யும் கட்டளையே. ஒப்புரவு அருளடையாளத்தில் நம்மில் எத்தனை பேர் சாலையில் செய்த குற்றங்களை அறிக்கையிட்டிருக்கிறோம்?

சிறு வழி

லிசியே நகரக் கார்மேல் மடத்தில் குழந்தை இயேசுவின் புனித தெரேசா தியானத்தில் அமர்ந்திருக்கும்போது, பின்னால் இருந்த சகோதரி ஒருவர் சிப்பிகளை உரசுவது போன்ற ஒலியை எழுப்பிக்கொண்டே இருப்பாராம். திரும்பி ஒருமுறை பார்த்திருந்தால் போதும்; அந்த ஒலி நின்றிருக்கும். தெரேசா திரும்பவில்லை. உடல் வியர்க்கப் போராடி, இறுதியில் அந்த ஒலியை இனிய இசைபோலச் செவிமடுத்து இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். இருபத்து நான்கே வயதில் 1897-இல் இறந்த அவரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

பொருளற்ற ஓர் ஒலியையே தெரேசா செபமாக்கினார். நம் காரில் எழும் ஒலியோ பொருளுள்ளது. நம் உயிரையும் உடனிருப்போர் உயிரையும் பற்றியது. அதைப் பொறுத்துக்கொள்வது மட்டும் போதாது. அதற்குக் கீழ்ப்படியவும் வேண்டும்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின், நாம் பயணம் செய்யும் காரின் பின்னிருக்கையைச் சோதித்துப் பார்த்தோம். முன்னிருக்கையில் யாதொரு குறையும் இல்லை. அங்கே ஒலி எழும் அல்லவா? பின்னிருக்கையின் பெல்ட் பூட்டுகளைத்தான் காணவில்லை. அழகுக்காகப் போட்ட உறையின் அடியில், வாங்கிய நாள் முதல் அவை புதைந்து கிடந்தன. அந்த இருக்கையில் நாள்தோறும் அமர்பவர்கள் குழந்தைகள். அங்கே எந்த ஒலியும் எழாததால், எந்த எரிச்சலும் நமக்கு இருந்ததில்லை. பிறரைப் பற்றி எழுத வந்த நாம் வெட்கத்தோடு உறையைக் கிழித்து, அவற்றை வெளியே எடுத்தோம்.

அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் புறப்படும்போது, சிலுவை அடையாளம் வரைந்த அதே கையால் பெல்ட்டையும் பூட்டுவோம். பின்னால் இருக்கும் பிள்ளைகள் பூட்டிவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்த பின்பு வண்டியைக் கிளப்புவோம்.