அறிவுக்கு இடையூறு

சேலம் நெடுஞ்சாலையில் நல்லம்பள்ளி அமைந்துள்ள தருமபுரி மாவட்டம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.54 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழகத்தில் கடைசியாக நின்றது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பெற்றதும் பாடங்கள் கைபேசிக்கு வந்தன. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஓரளவு துணைநின்றது. ஆயினும் ஒரே கைபேசி உள்ள இல்லத்தில் அது மகனுக்கா, மகளுக்கா? எளிய வினாப்போல் தோன்றும், எளியதன்று.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், பிறர் அறிவுக்கு இடையூறு செய்தலை ஞானாவரணீய வினை வந்து சேர்வதற்குரிய காரணங்களுள் ஒன்றாக வைக்கிறது. நூலைப் பறிப்பது மட்டுமா இடையூறு? "உனக்கு எதற்கு இது?" என்னும் சொல்லும் அவ்வகையினதே என்பது அடியேன் கருத்து.

வயது வந்தோர்க்கு இஃது இன்னும் பொருந்தும். 2017-இல் தொடங்கிய சுவயம் இணையதளத்தில் பட்டப்படிப்புப் பாடங்களையும் கட்டணமின்றிப் பயிலலாம், தேர்வுக்கே கட்டணம். 2022-இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயது கடந்த எழுத்தறியாதோர்க்குத் தன்னார்வலர் வழியே கற்பிக்கிறது. வாயில் திறந்திருக்கிறது. நாற்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் தாயைக் கண்டு நகைக்கும் பிள்ளையே தாழ்ப்பாள். (நகைத்தவருள் நானும் ஒருவன்.)

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களில் இரவில் அடுப்புக்கு வேலையில்லை. அந்நேரத்தில் கைபேசி எவர் கையில் இருக்கிறது?