கீழ்ப்படிதலும் எதிர்த்துரைத்தலும்

அநீதி இழைக்கும் ஆட்சிக்குக் கீழ்ப்படிதல் வேண்டுமா, அன்றி அதனை எதிர்த்துரைத்தல் வேண்டுமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. சாவகச்சேரி போன்ற சிறு பட்டினமும் இதனை எதிர்கொண்டதுண்டு. இஸ்லாமிய அறிஞர் இதற்கு ஒரே விடை தந்தாரல்லர்.

உமையா ஆட்சிக்கு எதிராக 740இல் எழுந்த ஸைத் இப்னு அலீயின் கிளர்ச்சிக்கு இமாம் அபூ ஹனீபா ஆதரவளித்தார் என்பர். இமாம் கஸ்ஸாலியோ, கொடுங்கோலனை அகற்ற முனைவதால் விளையும் குழப்பம் கொடுங்கோன்மையினும் கேடாகலாம் என அஞ்சினார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலின் வழி நோக்கற்பாலது. 833இல் கலீபா மஃமூன் தொடங்கிய சமய விசாரணையில், அரசு வற்புறுத்திய கொள்கையை மறுத்து அவர் சிறையும் கசையடியும் ஏற்றார். எனினும் ஆயுதக் கிளர்ச்சிக்கு இசைந்தாரல்லர்.

இக்காலத்தும் இவ்வேறுபாடு நீங்கவில்லை. 2011 பெப்ரவரியில் யூசுப் அல் கர்ளாவி கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்திற் கிளர்ச்சியாளரை வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதம் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் பேரவை, ஆர்ப்பாட்டங்கள் மார்க்கத்துக்கு முரணானவை என அறிவித்தது. சனநாயகம் இறைவனுக்குரிய ஆட்சியுரிமையை மக்களுக்கு வழங்குகிறது என மறுப்பர் ஒருசாரார். குர்ஆன் கூறும் ‘ஷூரா’ என்னும் கலந்தாலோசனையின் இக்கால வடிவமாக அதனைக் கொள்வர் துனீசியாவின் ராஷித் கன்னூஷி போன்றோர்.

இவ்விவாதங்களுட் பல, ஆள்வோரும் ஆளப்படுவோரும் முஸ்லிம்களே என்னும் நிலையிற் பிறந்தவை. இலங்கை முஸ்லிம்களோ சிறுபான்மையினர். கொவிட் தொற்றால் இறந்தோரை எரித்தல் வேண்டும் என 2020இல் அரசு விதித்தபோது, அவர்கள் வெள்ளைத் துணி கட்டியும், வழக்காடியும், 2021 பெப்ரவரியிற் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை தமிழரோடு பேரணி சென்றும் எதிர்த்துரைத்தனர். பிற நாடுகளின் அழுத்தமும் சேர, அம்மாத இறுதியில் நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது.

சாவகச்சேரியின் அனுபவம் வேறு. 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் அங்கு வாழ்ந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அம்மாத இறுதிக்குள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கும் அக்கதியே நேர்ந்தது. வெளியேறியோர் முறையிட மன்றம் இருக்கவில்லை; அயலில் வாழ்ந்த தமிழர் மறுத்துரைக்கவும் இடம் இருக்கவில்லை. அம்மௌனத்தை இசைவு எனக் கொள்ளல் தகாது. ஆயினும் அது எவரையும் காக்கவுமில்லை.

கஸ்ஸாலி அஞ்சிய குழப்பம் மெய்யானதே. ஈழமண் அதனை நன்கறியும். ஆயின், ஆயுதம் ஏந்தாமலும் பணியாமலும் நிற்கலாம் என்பதை இப்னு ஹன்பலின் வாழ்வு உணர்த்துகின்றது. தனக்கு நேர்ந்த அநீதிக்காக மட்டுமன்றி, அயலானுக்கு நேர்ந்த அநீதிக்காகவும் ஒருவன் அஞ்சாது குரலெழுப்ப இடமளிக்கும் ஆட்சியே, அதன் பெயர் யாதாயினும், அறத்தோடு பொருந்திய ஆட்சியாகும்.