உறுமிக்கு எண் எத்தனை?

கீபோர்டு வாசிக்கிற நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். 61 கட்டை உள்ள கீபோர்டை டிரம் ஒலிக்கு மாற்றிவிட்டு இடது கோடியில் முதல் கட்டையை அழுத்தினால் 'தும்' என்று பேஸ் டிரம் கேட்கும். அதன் எண் 36. ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42. எந்த கம்பெனி கருவியை வாங்கினாலும் பெரும்பாலும் இதே எண்கள்தான். 1991-ல் வந்த 'ஜெனரல் மிடி' என்ற பொது விதி இது. பத்தாவது சேனல் தாளத்துக்கு. 35 முதல் 81 வரை 47 ஒலிகள்.

36 என்ற எண்ணுக்கும் ஒரு தோல் அதிர்வதற்கும் இயற்கையில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாலு பேர் உட்கார்ந்து ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான். பொறியியல் படிக்கிற எனக்கு இதில் குறை இல்லை, ஒப்பந்தம் இல்லாமல் எந்தக் கருவியும் இன்னொன்றோடு பேசாது. ஆனா அந்தப் பட்டியலைக் கொஞ்சம் மெதுவா படிச்சுப் பாருங்க. 60, 61 போங்கோ. 62 முதல் 64 வரை கொங்கா. 78, 79 குயிக்கா. குயிக்கா பிரேசில் நாட்டு வாத்தியம். உள்ளே தோலில் கட்டிய குச்சியை ஈரத்துணியால் உரசி வாசிப்பாங்க. நம்ம உறுமியும் உரசுகிற வாத்தியம்தான், வளைந்த குச்சியால். குயிக்காவுக்கு இரண்டு எண், உறுமிக்கு ஒன்றுகூட இல்லை. மிருதங்கம், தவிலுக்கும் இல்லை.

இது அநியாயமா? யாரும் வேண்டுமென்று ஒதுக்கியதாக நான் நினைக்கவில்லை. கியூபா, பிரேசில் தாளங்கள் அதற்கு முன்பே அமெரிக்க ஸ்டூடியோக்களுக்குள் வந்துவிட்டன. காதில் விழுந்ததை எழுதினார்கள். ஆனால் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் விளைவு விளைவுதான். பட்டியலில் இல்லாததை வீட்டில் உட்கார்ந்து பீட் போடுகிற பையன் தேடுவதில்லை.

சரி, எண் கேட்கலாமா? இங்கேதான் எனக்குச் சிக்கல். மிடி ஒரு கட்டையைப் பற்றி முக்கியமாகச் சொல்வது எது, எப்போது, எவ்வளவு பலமாக (1 முதல் 127 வரை) என்பதுதான். உறுமியின் உயிர் அந்த இழுவையில் இருக்கு. அது ஒரே தட்டில் முடிகிற சங்கதி இல்லை. இருந்தாலும் இதைத் தீர்க்கலாம். திறந்த ஹை-ஹேட் (46) ஒலிக்கும்போது 42-ஐ அழுத்தினால் முதல் ஒலி சட்டென்று அடங்கும், நிஜத்தில் நடப்பது போலவே. அந்த வாத்தியத்தை அறிந்தவர்கள் போட்ட விதி அது. உறுமிக்கும் அப்படி விதி எழுதலாம். மிருதங்கத்துக்கு தா, தி, தொம், நம் என்று சொல் கொடுத்தவர்கள் நாம்தானே. என்ன, சொல்லை வாயால் சொல்லும்போதே ஒலியின் சாயல் வந்துவிடுகிறது. எண்ணில் அது வராது.

தீராத கேள்வி வேற. உறுமியை ஒருநாள் பதிவு செய்து கட்டையில் ஏற்றிவிட்டால் உறுமியின் ஒலி பிழைக்கும். உறுமிக்காரர்? திருவிழாவுக்கு ஒரு குழுவைக் கூப்பிட வேண்டிய இடத்தில் ஒரு மடிக்கணினி போதும் என்று நிர்வாகம் முடிவு செய்தால், அந்த ஒலிக்குச் சொந்தக்காரர் கூட்டத்தில் நின்று தன் கையையே கேட்டுக்கொண்டிருப்பார்.

என் கருத்து இதுதான்: பதிவு செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஆனால் எத்தனை கட்டை, எந்த ஒலி எந்தக் கட்டையில் என்பதை வாசிக்கிற அண்ணன்மார் சொல்லட்டும். அவர் பெயர் அந்தக் கோப்பில் இருக்கட்டும். ஒருநாள் கூலி கொடுத்து அனுப்பிவிடாமல், விற்கும்போதெல்லாம் அவருக்கும் ஒரு பங்கு போகட்டும்.