திறப்பைக் காப்பவரின் கடமை

பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரத்திலும் அயற்கிராமங்களிலும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோர் உண்டு. இயலாத காலத்தில், வங்கி அட்டையையும் அதன் இரகசிய இலக்கத்தையும் வேறொருவர் கையில் கொடுக்கும் நிலை அவர்களுக்கு வரலாம். அவ்வாறு பிறருடைய திறப்பை ஏற்றுக்கொள்பவரின் கடமை யாது? களவெடுக்காதிருந்தால் மட்டும் போதுமா?

இணையத்திலும் திறப்புகள் உண்டு. நாம் அனுப்பும் செய்தியைப் பிறர் வாசிக்காதபடி பூட்டுபவை இரகசிய எண்களே. 'இது உண்மையில் உங்கள் வங்கியின் தளந்தான்' என்று, நொத்தாரிசின் முத்திரைபோல், சான்று வழங்கும் நிறுவனங்களும் உள்ளன. நாம் அவர்களை அறியோம்; ஆயினும் அவர்கள் வாக்கை நம்பியே பணத்தை அனுப்புகிறோம்.

ஒல்லாந்து நாட்டின் 'டிஜிநோட்டார்' அத்தகைய ஒரு நிறுவனம். அந்நாட்டு அரசாங்கத் தளங்களே அதன் சான்றை நம்பியிருந்தன. 2011 ஜூலையில் எவரோ அதனுள் ஊடுருவி, 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றுகளை உண்டாக்கினர். அவற்றுள் ஒன்று கூகிளின் பெயரிலானது. ஈரானிய மக்களை உளவு பார்க்க அது பயன்பட்டது. நிறுவனமோ ஊடுருவலை அறிந்தும் வெளியே சொல்லவில்லை. ஓகஸ்ட் இறுதியில் உண்மை வெளிப்பட்டது. செப்டெம்பரில் நிறுவனம் முறிந்தது. களவு போனது துன்பம். அதனை மறைத்ததோ குற்றம். அந்த மௌன நாட்களில் துன்புற்றவர்கள், அதனை நம்பிய அப்பாவிகள்.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மறைமாவட்டச் சுவடிக்கூடத்தின் திறப்பு ஆயரிடமும் அவரது செயலரிடமும் மட்டுமே இருக்கவேண்டும் என்கிறது (487). இரகசியச் சுவடிக்கூடத்தின் திறப்போ ஆயரிடம் மட்டுமே (490). மற்றவர்கள் நேர்மையற்றவர்கள் என்பதா இதன் பொருள்? அன்று. திறப்பு பல கைகளுக்குப் போனால், தவறு நேரும்போது குற்றமற்றவர்மீதும் சந்தேகம் விழும்.

எனவே, தாயின் இரகசிய இலக்கத்தைக் கேட்டு வாங்குவதிலும், அவரை வங்கிக்குக் கூட்டிச் சென்று, அவர் இலக்கத்தை அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதே மேலான அன்பு. 'என்னை நம்பவில்லையா?' என்று எவரும் மனம் நோகவேண்டியதில்லை. தவிர்க்க முடியாமல் ஏற்றுக்கொண்டவரோ ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் காட்டட்டும். அட்டை தொலைந்தாலோ, இலக்கம் வேற்றார் காதில் விழுந்தாலோ, வெட்கத்தை விட்டு அன்றே உரியவருக்கும் வங்கிக்கும் அறிவிக்கட்டும். ஏச்சுக்கு அஞ்சி ஒருநாள் பொறுத்தால், அந்த ஒருநாளில் ஒரு முதியவரின் சேமிப்பு முழுவதும் போய்விடக்கூடும்.