தராசும் வகுப்பறையும்

"எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றே" என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியரை நாம் மெச்சுகிறோம். அது முழு நீதியாகுமா?

1964 ஜூலை 21இல் மூண்ட இனக்கலவரத்தை மறவாதிருக்க, சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1997 முதல் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகின்றன. அன்று பிள்ளைகள் பலவின உடை அணிந்து மகிழ்கின்றனர். நன்றே. ஆயினும் மறுநாள்? நோன்பிருக்கும் சிறுவனையும் மற்றவர்களோடு வெயிலில் ஓடவிடுவது சமத்துவமன்று; அவனை எழுப்பி நிறுத்தி, "உங்கள் வழக்கத்தைச் சொல்" என்று காட்சிப்பொருளாக்குவதும் பரிவன்று. அருகழைத்து, "இயலுமா, தம்பி?" என்று கேட்பதே நீதி.

வணிகப் பெருமக்களே! நம் கடைத் தராசு எல்லோருக்கும் ஒன்றே. அதற்காக அரிசி கேட்டவருக்குப் பருப்பை நிறுப்போமா? ஆசிரியர் கையிலும் தராசு ஒன்றாகவே இருக்கட்டும்; கொடுப்பது கேட்டறிந்து கொடுப்பதாகட்டும். அவர் கேளாமுன் நம் பிள்ளையின் வழக்கத்தை எடுத்துரைப்பது நம் கடன்.