வாளிக்குக் கமிஷன் இல்லை

மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாக்கடை இணைப்பு எதுவும் எட்டாத இடத்தில் வீடு போட்டுக் குடியேறுவதை அமெரிக்கர்கள் ஆஃப்-கிரிட் வாழ்க்கை என்கிறார்கள். அங்கே போய் இறங்குகிறவரை முதல் நாளே பிடித்துக்கொள்ளும் கேள்வி கழிப்பறை. இதற்கு ஜோசப் ஜென்கின்ஸ் 1994இல் வெளியிட்ட 'ஹியூமன்யூர் ஹேண்ட்புக்' ஒரு வழி சொல்கிறது: 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அதைச் சுற்றி ஒரு மரப்பெட்டி, மேலே இருக்கை, ஒவ்வொரு முறையும் தூவ மரத்தூள், நிறைந்ததும் கொண்டுபோய்க் கொட்டி மூட ஒரு கம்போஸ்ட் குவியல். சிறுநீரைத் தனியே பிரித்து, சின்ன விசிறியால் ஈரத்தை இழுக்கும் கம்போஸ்டிங் டாய்லெட் இன்னொரு வழி. விலை ஏறக்குறைய ஆயிரம் டாலர். இரண்டுமே வேலை செய்கின்றன. குவியல் போட நிலமில்லாமல் வேனிலோ படகிலோ வாழ்பவருக்கு இரண்டாவதுதான் சரி.

வித்தியாசம் இவற்றை இணையத்தில் பரிந்துரைப்பவரின் கணக்கில் இருக்கிறது. ஐந்து சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொண்டால் டாய்லெட் விற்றதில் அவருக்கு 50 டாலர் வரும். வாளியில் சில்லறை வரும். மரத்தூள் பக்கத்து மர மில்லில் சும்மாவே கிடைக்கும். சும்மா கிடைப்பதற்கு யாரும் லிங்க் போட முடியாது.

அந்த லிங்க் வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பொருளைப் பற்றி எழுதுபவரோ வீடியோ போடுபவரோ கொடுக்கும் இணைப்பில் அவருக்கென்று ஒரு குறியீடு ஒட்டியிருக்கும். அதைத் தட்டிக் கடைக்குள் போகிறவர் எதையாவது வாங்கினால் கடை லிங்க் போட்டவருக்கு ஒரு பங்கு தரும். அமேசான் இதை 1996இல் தொடங்கியது. அங்கே பொதுவான அவகாசம் 24 மணி நேரம். சோலார் விளக்கைப் பார்க்கப் போனவர் கடைசியில் நாய்த் தீனி வாங்கிக்கொண்டு வந்தாலும் லிங்க் போட்டவருக்குப் பணம் உண்டு. எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்பது கடையின் கையில். 2020 ஏப்ரலில் வீட்டுச் சீரமைப்பு, தோட்டப் பொருள்களுக்கான பங்கை அமேசான் 8 சதவீதத்திலிருந்து 3 ஆக ஒரேயடியாகக் குறைத்தது. ரம்பமும் மண்வெட்டியும் பற்றி எழுதிப் பிழைத்தவர்களுக்கு அன்றைக்கு வருமானத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அப்படிப்பட்டவர் அடுத்து எதைப் பற்றி எழுத உட்காருவார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

நம் ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. மேஸ்திரி கைகாட்டும் ஹார்டுவேர் கடைக்குத்தான் போகிறோம். கடைக்காரர் அவரைப் பிற்பாடு 'கவனிப்பார்' என்பதும் தெரியும். ஆனாலும் போகிறோம், ஏனென்றால் மேஸ்திரிக்கு உண்மையிலேயே சிமெண்ட் தெரியும். ஆளுக்கு விஷயமும் தெரியும், கமிஷனும் வரும் என்பதுதான் இங்கே சிக்கல். முழுப் பொய்யராக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போய்விடலாமே.

அமெரிக்கச் சட்டம் இந்த உறவை வெளியே சொல்லச் சொல்கிறது. அங்குள்ள வர்த்தக ஆணையமான எஃப்டிசி, விளம்பரப் பரிந்துரைகளுக்கான வழிகாட்டியை 1980இல் கொண்டுவந்தது. 2009இல் திருத்தியபோது இணையத்தில் எழுதும் தனிமனிதர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2023இல் மறுபடி இறுக்கியது. கண்ணில் படாமல் தப்ப முடியாத இடத்தில், சாதாரண ஆளுக்குப் புரியும் சொல்லில் அறிவிப்பு இருக்க வேண்டும் என்பது சாரம். 'அஃபிலியேட் லிங்க்' என்று மட்டும் போட்டால் போதாது, அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியாது என்கிறது ஆணையம். இந்த இணைப்பு வழியாக வாங்கினால் எனக்குப் பணம் வரும் என்று சொல்லிவிடுங்கள் என்கிறது. எங்கோ ஒரு மூலையில் பொதுவாக ஒருமுறை எழுதி வைப்பதும் கணக்கில் வராது. பரிந்துரை எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடைமுறை வேறு. யூடியூபிலும் பின்டரெஸ்டிலும் கமிஷன் லிங்க் உள்ள பதிவுகளைப் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2018இல் அலசியபோது, ஏறக்குறைய பத்தில் ஒன்றில்தான் ஏதாவது ஓர் அறிவிப்பு இருந்தது.

சரி, எல்லாரும் ஒழுங்காக அறிவித்துவிட்டால்? டெய்லியன் கெய்ன், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், டான் மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட சோதனையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கண்ணாடிப் புட்டி நிறையச் சில்லறைக் காசு. மொத்த மதிப்பை ஊகிக்க வேண்டியவர் அதைத் தூரத்திலிருந்து, கொஞ்ச நேரம்தான் பார்க்கலாம். ஆலோசகர் பக்கத்தில் நின்று நன்றாகப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு தொகையைச் சொல்வார். ஊகிப்பவர் சரியான தொகையை நெருங்க நெருங்க அவருக்குப் பரிசு. ஆனால் சில ஆலோசகர்களுக்கு, ஊகிப்பவர் எவ்வளவு கூட்டிச் சொல்கிறாரோ அவ்வளவு கூலி. இந்த ஏற்பாட்டை ஊகிப்பவரிடம் சொல்லிவிட்டபோது ஆலோசகர்கள் அடங்கவில்லை, இன்னும் ஏற்றிச் சொன்னார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள்; ஏற்றிய அளவுக்குக் கழிக்கவில்லை. முடிவில் விஷயம் தெரிந்தவர் தெரியாதவரைவிடக் குறைவாகவே சம்பாதித்தார். சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்ற நிம்மதி ஆலோசகருக்கு வந்துவிடுகிறது. எப்படியும் கழித்துக்கொள்வார் என்று முன்கூட்டியே ஏற்றியும் வைக்கிறார்.

கமிஷன் உண்டு என்று சொல்லும் வாக்கியம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்த வாக்கியம் எழுதிய பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறது. எழுதாமல் விட்டதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆஃப்-கிரிட் வாழ்க்கையில் விட்டுப்போவதுதான் விலை உயர்ந்தது. சூடாக்கும் வேலையை மின்சாரத்திடம் கொடுக்காதே என்பது இதில் ஊறியவர்கள் புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் முதல் பாடம். 1,500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 1,500 வாட்-ஹவர். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்றின் மொத்தக் கொள்ளளவே 1,200. பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கவிட்டால் ஆயுள் போய்விடும் என்பதால் நம்பிச் செலவழிக்கக்கூடியது 600. ஆகவே குளிர்காய விறகடுப்பு, சமையலுக்குக் காஸ், பழைய ஃபிரிஜ்ஜுக்குப் பதில் குறைந்த மின்சாரம் இழுக்கும் ஃபிரிஜ்; பேனல் எத்தனை என்ற கணக்கு அதற்கப்புறம்தான். 1987 முதல் 2018 வரை வந்த 'ஹோம் பவர்' பத்திரிகை இதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. தேவையைக் குறை என்ற ஆலோசனைக்கு எந்தக் கடையும் பங்கு தராது.

பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பரிந்துரைப்பதில் தப்பே இல்லை. அதே 100 ஆம்பியர்-ஹவரில் ஆயிரம் வாட்-ஹவர் வரை எடுக்கலாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி மீள முடியாமல் கெடும். மொன்டானாவிலோ மினசோட்டாவிலோ ஜனவரி மாதம் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் மர வீட்டில், காலை வெயில் பேனலில் விழுந்ததும் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். குளிரில் தானே சார்ஜை நிறுத்தும் வசதி உள்ள பேட்டரியா, இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. வெயில் சுடும் அரிசோனாவில் உட்கார்ந்து எழுதுகிறவர் தன் இடம் எது என்று சொல்லாமல் விட்டால், கமிஷன் விஷயத்தை எத்தனை பெரிய எழுத்தில் போட்டும் பயனில்லை. தடித்த செம்புக் கம்பியும் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஃபியூஸும் இப்படித்தான் கடைசி வரிக்குத் தள்ளப்படுகின்றன. தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான், அதில் கிடைக்கும் கமிஷனோ சில காசு.

இந்த உலகத்தின் முன்னோடி ஒன்று கமிஷனைத் தொடாமலே நடந்தது என்பதையும் சொல்லிவிடலாம். ஸ்டூவர்ட் பிராண்ட் 1968இல் தொடங்கிய 'ஹோல் எர்த் கேட்டலாக்' விளம்பரம் வாங்கவில்லை, பட்டியலில் இடம்பெற யாரிடமும் காசும் வாங்கவில்லை. அடுப்பு, கூடாரம், புத்தகம் எதுவானாலும் ஒரு மதிப்புரை, விலை, வாங்குமிடத்தின் முகவரி. வரவுசெலவுக் கணக்கையே பக்கத்தில் அச்சடித்தார்கள். வாசகர் கொடுத்த விலையில் அது ஓடியது. இன்றைக்கு வாசகர் எதுவும் கொடுப்பதில்லை. அந்தச் செலவைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். கமிஷன் வாங்குவதை நான் குறையாகச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அறிவிப்பு இன்னும் நான்கு வரி நீளலாம். அந்த பேட்டரிக்குப் பக்கத்தில் இப்படி இருந்தால் நான் நம்புவேன்: 'இந்த லிங்க்கில் நீங்கள் வாங்கினால் எனக்கு ஐந்து சதவீதம் வரும். இதை என் காசில் வாங்கி இரண்டு குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன். என் இடத்தில் உறைபனி அபூர்வம். இதைவிட மலிவான இன்னொன்றும் நன்றாக இருக்கிறது, அதில் எனக்குக் கமிஷன் இல்லை. மின்சார ஹீட்டரை நிறுத்தினால் உங்களுக்கு இதில் ஒன்று போதும், இரண்டு தேவைப்படாது.'

இந்தியாவிலும் இதற்கு விதி உண்டு. மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, பரிந்துரைப்பவர் பொருளை உண்மையிலேயே பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது. பணத் தொடர்பைப் பரிந்துரையின் மொழியிலேயே சொல்லச் சொல்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. இன்வெர்ட்டர் பேட்டரியைப் பற்றிப் பத்து நிமிடம் தமிழில் பேசிவிட்டு, கீழே ஆங்கிலத்தில் ஒரு ஹேஷ்டேகை மட்டும் ஒட்டுவது இந்த விதிக்குப் பொருந்தாது.