இருவர் சுமை

பயணம் புறப்படுவதற்கு முந்திய இரவில் ஒருவன் தன் பையில் எதை வைக்கிறான், எதை எடுத்து வெளியே போடுகிறான் என்பதைக் கண்டால் அவன் மனத்தின் அளவை ஓரளவு அறிந்துகொள்ளலாம். மேடைப்பேச்சில் மறைக்கக்கூடிய குணங்களைப் பெட்டி கட்டும்போது மறைக்க இயலாது.

தமிழகத்தை விட்டு வடபுலம் வந்து வாழும் நமக்குப் பெட்டி கட்டுதல் புதிய கலை அன்று. தகரப் பெட்டி, சுருட்டிய படுக்கை, ஊறுகாய் ஜாடி, கூஜா ஆகியவற்றோடு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி வந்த தலைமுறை நம்மிடையே இன்றும் இருக்கிறது. புகைவண்டி பொறுமை மிக்கது. இருக்கைக்கு அடியில் இடமில்லையெனில் மேல்தட்டு உண்டு. மேல்தட்டும் நிறைந்தால் காலடியில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே, 'எது தேவை, எது தேவையன்று?' என்னும் வினா அங்கே கூர்மையாக எழுவதில்லை. இரு சக்கரங்களின்மேல் இருவர் ஏறித் தொலைதூரம் செல்லும்போதுதான் அவ்வினா கூர்மையாக எழுகின்றது.

2022 ஆம் ஆண்டு ஜூலையில் நானும் என் துணைவியாரும் தில்லியிலிருந்து மணாலி வழியாக லே நகருக்கு ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளில் சென்றோம். இங்கிலாந்தில் பிறந்த அந்த வண்டி 1950களின் நடுப்பகுதி முதல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஒன்றுசேர்க்கப்பட்டு, பின்னர் முழுதும் அங்கேயே உருவாகலாயிற்று. ஆதலால் அதனை நம் ஊர்க்காரர் என்று உறவு கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால், ஊர்ப்பாசம் சுமையைக் குறைப்பதில்லை. வண்டியின் எடையே ஏறத்தாழ 190 கிலோ. அது தாங்கக்கூடிய சுமைக்கு உற்பத்தியாளர் ஒரு வரம்பு விதித்திருக்கிறார். இருவர் ஏறி அமர்ந்தவுடனேயே அவ்வரம்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எஞ்சுவதே மூட்டைக்கு உரியது. மயிலிறகுபோன்ற மெல்லிய பொருளும் அளவு மீறினால் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்ததை நாம் படித்திருக்கிறோம். அதன் பொருளைப் பள்ளியில் கற்றேன். உண்மையை என் வீட்டுத் திண்ணையில் மூட்டை கட்டும்போது கண்டேன்.

மணாலிக்கு அப்பால் தண்டி என்னும் ஊரில் உள்ள பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று அறிவித்த பலகை பயணிகளிடையே நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று கொண்டால் அந்தத் தொலைவுக்குப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும். தொட்டி கொள்வதோ ஏறத்தாழ 13 லிட்டர். சுமையோடு ஏற்றம் ஏறினால் அக்கணக்கும் பொய்க்கும். எனவே ஐந்து லிட்டர்த் தகரம் ஒன்று இன்றியமையாதது என்று முடிவு செய்தேன். அடுத்து, ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்பிகள், காற்றடிக்கும் பம்பு, கிளட்ச் கேபிள் இரண்டு, ஸ்பார்க் பிளக், ஸ்பானர்கள், விளக்குக் குமிழ் என்று என் பட்டியல் வளர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. இடம் தீர்ந்தது. அப்போது, துணைவியார் எடுத்து வைத்திருந்த இரண்டாவது கம்பளிச் சட்டையையும் வெந்நீர்க் குடுவையையும் எடுத்து வெளியே வைத்தேன். "எளிமையாகப் போவதுதான் பயணத்துக்கு அழகு" என்று ஒரு தத்துவமும் சொன்னேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. வெளியே கிடந்த சட்டையை மடித்துக்கொண்டே, "உங்கள் பயத்துக்கெல்லாம் பையில் இடம் இருக்கிறது. என் குளிருக்கு மட்டும் இடம் இல்லையா?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. உண்மையில் நான் எடுத்து வைத்தவை கருவிகள் அல்ல; என் அச்சங்கள். கேபிள் அறுந்துவிடுமோ என்பது ஓர் அச்சம். டியூப் கிழியுமோ என்பது மற்றோர் அச்சம். அவை நியாயமான அச்சங்களே. ஆயினும், என் அச்சத்துக்குத் 'தேவை' என்றும், அவர் அச்சத்துக்கு 'ஆடம்பரம்' என்றும் பெயர் சூட்டும் அதிகாரத்தை எனக்கு அளித்தவர் யார்?

எளிமையைப் போற்றாத அறநூல் நம் நாட்டில் இல்லை. பொருட்பற்று நீக்கலைச் சமணம் ஐம்பெரு நோன்புகளுள் ஒன்றாக வைத்தது. ஆனால், எளிமை என்பது ஒருவன் தன்மீது தானே விரும்பி ஏற்றுக்கொள்ளும் நோன்பு. தனியே வண்டியேறிச் செல்பவன் ஒற்றைச் சட்டையோடு புறப்படலாம். நடுங்கினால் நடுங்குபவன் அவனே. பின்னிருக்கையில் மற்றொருவர் அமர்ந்தவுடன் நோன்பின் இலக்கணம் மாறிவிடுகிறது. தன் பொருளை விடுதல் துறவு. பிறர் பொருளை விடுவித்தல் துறவாகாது. அது துறவின் ஆடையை உடுத்த ஆணை.

அவ்வாறாயின் கேட்டதையெல்லாம் ஏற்றிவிடலாமா? அதுவும் இயலாது. அன்பு மிகுந்தது என்பதற்காக அச்சு வலுப்பதில்லை. வரம்பு மெய்யானது, அதனை வண்டி விதிக்கிறது, நாம் அல்லோம். ஆனால் வரம்புக்குள் பங்கிடும் உரிமை முன்னிருக்கைக்கு மட்டும் உரியதன்று. எவ்வளவு என்பது இயந்திரத்தின் சட்டம். எவருக்கு எவ்வளவு என்பது மனிதரின் அறம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, "வண்டி தாங்காது" என்று சொல்லி நம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்கிறோம்.

வண்டி கட்டும் முறையே இதனைக் கற்பிக்கிறது. கனமான பொருள்களைத் தாழ்வாகவும், இரு சக்கரங்களுக்கு இடையிலும், இருபுறமும் எடை ஒத்திருக்குமாறும் வைக்க வேண்டும். இலேசானவை மேலே செல்லலாம். எல்லாவற்றையும் பின்சக்கரத்துக்கு அப்பால் குவித்தால் முன்சக்கரம் இலேசாகிக் கைப்பிடி தடுமாறும். முகப்பு விளக்கும் சாலையை விட்டு மேலே நோக்கும். அதாவது, பின்னால் இருப்பவர்மீது ஏற்றிய சுமை முன்னால் இருப்பவனின் வழியையே மறைத்துவிடும். பின்சக்கரக் காற்றுக்குத் தனியே செல்ல ஓர் அளவும் இருவர் செல்ல ஓர் அளவும் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். இருவர் ஏறிய வண்டி தனி வண்டியாகவே நடந்துகொள்ள முடியாது என்பதை அக்காற்றும் அறிந்திருக்கிறது.

சட்டமும் பின்னிருக்கையை மறக்கவில்லை. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123 ஆவது விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்க மிதியும், ஆடை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் காப்பும் வண்டியில் அமைய வேண்டும் என்கிறது. தொலைப்பயணம் செல்வோர் சிலர் பக்கப் பைகளைத் தாங்கும் கம்பியைப் பொருத்துவதற்காக அந்தச் சேலைக் காப்பையே கழற்றிவிடுவதைக் கண்டிருக்கிறேன். மூட்டைக்கு இடம் செய்ய மனிதருக்கு உரிய காப்பு அகற்றப்படுகிறது! தலைக்கவசத்தின் கதையும் இத்தகையதே. தில்லியில் பின்னிருக்கைப் பெண்களுக்கு அது கட்டாயமானது 2014 ஆம் ஆண்டில்தான். சீக்கியப் பெண்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அதுவரை எத்தனையோ குடும்பங்களில் கணவர் தலையில் கவசம் இருந்தது; மனைவி தலையில் முந்தானை இருந்தது.

அன்றிரவு மூட்டையை முழுதும் அவிழ்த்தோம். இம்முறை ஒரு விதி செய்துகொண்டோம்: ஒவ்வொருவரும் முதலில் தம் பொருளிலிருந்தே ஒன்றை நீக்க வேண்டும், மற்றவர் பொருளைத் தொடக்கூடாது. நான் ஒரு கிளட்ச் கேபிளையும் சில ஸ்பானர்களையும் நீக்கினேன். அவர் குடுவையைத் தாமே நீக்கினார். கம்பளிச் சட்டை உள்ளே சென்றது. நேரம் சற்றுக் கூடுதலாயிற்று. ஆயினும் பையை மூடும்போது இருவர் கையும் அதன்மேல் இருந்தது.

மணாலியிலிருந்து, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஜிஸ்பாவில் இரவு தங்கினோம். மறுநாள் பாரலாச்சா கணவாய் நோக்கி ஏறினோம். அதன் உயரம் ஏறத்தாழ 4,890 மீட்டர். வழியில் ஜிங்ஜிங்பார் என்னும் இடத்தை அணுகியபோது துணைவியார் என் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். தலைவலி கடுமையாக இருப்பதாகவும் குமட்டுவதாகவும் கூறினார். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து மூச்சில் சேரும் உயிர்வளியும் குறைகிறது. உடல் பழகுமுன் மேலே ஏறினால் முதலில் இக்குறிகளே தோன்றும். அதன்பின்னும் ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே இடர் நேரலாம். ஏறுவதை நிறுத்துவதே முதல் மருந்து. நிலைமை மோசமானால் உடனே இறங்கிவிட வேண்டும். நாங்கள் ஜிஸ்பாவுக்குத் திரும்பினோம். இரண்டு நாள் தங்கி, அவர் உடல் தேறியபின் ஏறி, லே சென்று சேர்ந்தோம்.

அன்று மாலை அவர் சொன்னது என் நெஞ்சில் நிலைத்துவிட்டது. "அந்தச் சட்டையை நீங்கள் வெளியே போட்டிருந்தால், தலைவலியை நான் சொல்லியிருக்கமாட்டேன். உங்கள் பயணத்தைக் கெடுப்பானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருப்பேன்."

அந்தப் பயணம் முழுவதிலும் என் கிளட்ச் கேபிள் அறவில்லை. அவரது இரண்டாவது கம்பளிச் சட்டை ஒருநாளும் வெளியே எடுக்கப்படவில்லை. கணக்குப் பார்ப்பவர் இரண்டையும் வீண்சுமை என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. பயன்படாத அந்தச் சட்டைதான், "நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமையைப் பின்னிருக்கைக்கு வழங்கியது. அவ்வுரிமைக்கு எடை இல்லை. பையில் இடமும் வேண்டியதில்லை. ஆயினும் எல்லாவற்றுக்கும் முன்னதாக எடுத்து வைக்கவேண்டியது அதுவே.

இதனை வண்டிப் பயணத்தோடு நிறுத்திவிடலாகாது. நம்முள் பலர் குடும்பத்தோடு ஊர் பெயர்ந்து வந்தவர்கள். அப்பெயர்ச்சியில் வேலை கிடைத்தவர் முன்னிருக்கையில் அமர்ந்தார். மனைவியும் மக்களும் முதிய பெற்றோரும் பின்னால் அமர்ந்தனர். ஆட்டுக்கல் கனம் என்று விடப்பட்டது. அலுவலகக் கோப்புகள் ஏற்றப்பட்டன. பாட்டியின் கோயிலும், மகளின் பள்ளித் தோழியும், மனைவி பார்த்துவந்த வேலையும் ஊரிலேயே விடப்பட்டன. விட்டுத்தான் ஆகவேண்டியிருந்திருக்கலாம், வரம்பு எப்போதும் உண்டு. ஆனால் விடுவதற்கு முன் அவர்களைக் கேட்டோமா? கேளாமல் விட்டிருந்தால், இன்று அவர்கள் வாய்திறவாமல் தாங்கும் தலைவலிகள் எத்தனையோ!

காலம் கடந்துவிடவில்லை. அடுத்த பெயர்ச்சி வரும். அடுத்த பயணமும் வரும். முன்னிருக்கையில் இருப்பவர் சாலையைப் பார்க்கட்டும். அது அவர் கடமை. புறப்படுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்கட்டும், அது அவர் அறம்.